எஸ்தர் நிறுத்தி வைத்த சரக்கு

செய்தி வந்தபோது நான் திருவள்ளூர் ரயில் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தேன். காலை ஆறேகால் மணி இருக்கும். கைப்பேசியில் தெரியாத எண்.

“தயாளன் சாரா? நான் எஸ்தரோட ஊட்டுக்காரரு பேசறேன், சாலமன், செவ்வாப்பேட்டையில இருந்து. எஸ்தர் நேத்து சாயந்திரம் பேசின் பிரிட்ஜுல ரயில் ஏறும்போது வுழுந்துட்டா சார். போயிட்டா.”

அவ்வளவுதான் சொன்னார். பின்னால் யாரோ அழுவது கேட்டது. எப்படி விழுந்தார் என்று நான் கேட்கவில்லை. பிறகு அவர் வீட்டில் வைத்து சாலமனே சொன்னார். வண்டி நகரத் தொடங்கியபோது பெண்கள் பெட்டியில் ஏறியிருக்கிறார். இடது தோளில் பை. வலது கையால் வாசல் கம்பியைப் பிடித்திருக்கிறார். கை நழுவிவிட்டது என்று உள்ளே இருந்த பெண் ஒருவர் சொன்னாராம். கூட்டம் அப்படி சார், என்றார் சாலமன். நான் தலையசைத்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எஸ்தரோடு வேலை பார்த்த உங்களில் பலர் அடக்கத்துக்கு வந்திருந்தீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் நான் பேசியதையும் கேட்டீர்கள். எஸ்தர் நேர்மையானவர், உழைப்பாளி, யாரிடமும் கோபப்படாதவர் என்று பேசினேன். கடைசியில் சொன்னது பொய். அவர் என்மேல் கோபமாகத்தான் இறந்தார். அதற்கான காரணத்தை அன்று அவருடைய கணவர் முன்னால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இங்கே எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் எங்கள் கம்பெனிக்குப் புதிதாக ஓர் ஆர்டர் கிடைத்தது. வடக்கே உள்ள ஒரு விநியோகஸ்தர், மலை எல்லையில் இருக்கும் படைவீரர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் விற்பதற்காக மடக்குக் கருவி ஒன்றைச் செய்து தரச் சொன்னார். நாங்கள் அதை மல்டி டூல் என்போம். மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் நல்ல கனம். விரித்தால் நடுவே ஒரு குறடு. இரண்டு கைப்பிடிகளுக்குள்ளும் கத்தி, சிறு ரம்பம், அரம், திருப்புளிகள், தகர டப்பா திறப்பது என்று எல்லாம் மடங்கிக் கிடக்கும். அதைக் கோத்து முடிக்கும் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளன். முடிந்ததைச் சோதித்து அனுப்பும் பரிசோதகர் எஸ்தர். அவர் அப்பாவும் அம்மாவும் செவ்வாப்பேட்டையில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவர். நான் திருவள்ளூரில் ஏறும் வண்டியில் அவர் செவ்வாப்பேட்டையில் ஏறுவார். பேசின் பிரிட்ஜில் இறங்கி இருவரும் கும்மிடிப்பூண்டி வண்டி பிடிப்போம். அந்த நடைமேடையில்தான் எங்கள் பேச்செல்லாம். என்னை அண்ணா என்று கூப்பிடுவார்.

முதல் மாதிரி வந்த அன்று கேன்டீனில் எல்லோரும் அதை வைத்து விளையாடினோம். ஒருவர் நகம் வெட்டினார். ஒருவர் சோடா மூடியைத் திறந்தார். எஸ்தர் மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்த நேரத்தில் எடுப்பார்கள், குளிரில்தானே என்று கேட்டார். மறுநாள் வெளியே ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து வாளியில் உடைத்துப் போட்டார். இரண்டு கைகளையும் அதில் விட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றார். விரல்கள் வெளுத்த பிறகு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கருவியைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. கத்தியை நகத்தால் இழுப்பதற்கு இருந்த பள்ளம் அந்த விரல்களுக்குத் தட்டுப்படவே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் நடுங்கிக்கொண்டே சிரித்தார்.

“நமக்கு இங்க வேர்த்து ஊத்துது. அங்க இருக்கிறவனுக்கு வெரல் இருக்கிறதே தெரியாதுண்ணா. அந்த வெரலுக்குத்தான் நாம இத்த செஞ்சிகினு இருக்கோம்” என்றார்.

அதைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த ஒரு தாள் அறிக்கையால் பள்ளம் ஆழமாக்கப்பட்டது. விநியோகஸ்தர் பாராட்டி எழுதினார். பாராட்டு மேலாளர் பெயருக்கு வந்தது. எஸ்தர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது தவணைச் சரக்கில்தான் தகராறு வந்தது. கத்தியை முழுக்க விரித்ததும் கைப்பிடிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய எஃகுத் தகடு நகர்ந்து வந்து கத்தியின் அடியில் முட்டுக் கொடுக்கும். அதுதான் பூட்டு. அந்தத் தகடு நழுவினால் கத்தி, பிடித்திருப்பவனின் விரல் மேலேயே மடங்கும். ஒப்பந்தத்தில் இருந்த சோதனை சுலபமானது. புதுக் கருவியை விரித்துக் கத்தியின் முதுகில் எடை தொங்கவிட வேண்டும். நழுவாவிட்டால் சரி. எல்லாமே சரியாகத்தான் நின்றன. ஆனால் எஸ்தருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசும்போதும் எழுதும்போதும் கட்டைவிரலால் ஒரு கருவியைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். இரண்டு நாள் அப்படித் திறந்து மூடிய கத்தியில் பூட்டு தளர்ந்துவிட்டதைக் கவனித்தார். அந்தத் தவணைக்கு வாங்கிய தகடு மிருதுவாக இருந்திருக்கிறது. பத்துக் கருவிகளை எடுத்து நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடிப் பார்த்தார். ஆறு நழுவின. பெட்டிகள் எல்லாவற்றிலும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டார். சிவப்புச் சீட்டு இருந்தால் சரக்கு வாசலைத் தாண்டக் கூடாது.

வெள்ளிக்கிழமை லாரி வர வேண்டும். வியாழக்கிழமை மேலாளர் அவருடைய மேசைக்கே வந்துவிட்டார். ஒப்பந்தத்தில் இல்லாத சோதனையைச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டார். புதிதில் எல்லாமே நிற்கும், நாலு மாசம் கழித்தும் நிற்குமா என்றுதானே பார்க்க வேண்டும் என்றார் எஸ்தர். நீ சொல்வதை நான் எப்படி நம்புவது, கண்ணால் காட்டு என்றார் மேலாளர்.

எஸ்தர் காட்டினார். திறந்து மூடி வைத்திருந்த கருவிகளில் ஒன்றை எடுத்து, கத்தியை விரித்து, ஒரு மரக்கட்டையில் நுனியைக் குத்தி அழுத்தினார். அந்த மேசையில் அன்றுவரை கையுறை என்று ஒன்று இருந்ததே இல்லை. பூட்டு நழுவியது. கத்தி அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரல் மேலும் நடுவிரல் மேலும் மடங்கியது.

அவர் கத்தவில்லை. இடது கையால் கத்தியைப் பிரித்து எடுத்து மேசையில் வைத்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

“பாத்துக்கினீங்களா சார்?” என்று மேலாளரைக் கேட்டார். பிறகுதான் உட்கார்ந்தார்.

துணியைச் சுற்றிக் கம்பெனி வேனில் நான்தான் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான். சீட்டை எடுத்துவிடப் போகிறார்கள், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தையல் போட்டார்கள். விரலை மடக்கும் நரம்புகள் அறுந்துவிட்டன, பழையபடி பிடிமானம் வராது என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

மறுநாள் காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள் தட்டச்சாகித் தயாராக இருந்தது. பரிசோதகர் அனுமதியில்லாத சோதனையில் ஈடுபட்டார், கையுறை அணியவில்லை, கவனக்குறைவால் காயம் ஏற்பட்டது, கருவியில் குறை ஏதும் இல்லை. அருகில் இருந்த மேற்பார்வையாளர் அப்போது வேறு பக்கம் திரும்பியிருந்ததால் சம்பவத்தைப் பார்க்கவில்லை. கீழே என் பெயர். மேலாளர் மிரட்டவில்லை. உங்கள் பெரிய பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்களாமே என்று மட்டும் விசாரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு கிடங்குக்குப் போய்ச் சிவப்புச் சீட்டுகளை உரித்தேன். அதைச் செய்யச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. லாரி வந்துவிட்டது, ஆள் குறைவு என்று ஒருவர் சொன்னார், உரித்தேன். சில பெட்டிகளில் சீட்டு கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டு நின்றது. அதை நகத்தால் சுரண்டினேன்.

ஒரு மாதம் கழித்து எஸ்தர் வேலைக்குத் திரும்பினார். பரிசோதகர் மேசையில் வேறு ஆள் இருந்தார். எஸ்தரை பேக்கிங் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். கருவியைத் துணி உறையில் போட்டுப் பொத்தான் போடும் வேலை. மடங்காத இரண்டு விரல்களோடு அதைச் செய்வது எவ்வளவு நேரமாகும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அன்று மாலை பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது, என் நிலைமையையும் நினைத்துப் பார் என்றேன்.

அவர் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க பாக்கலன்னா, அப்போ அது எனக்கு மட்டும்தான் நடந்துச்சா சார்?”

அண்ணா என்ற அழைப்பு அதோடு நின்றது. கடைசிவரை சார்தான்.

மூன்று மாதத்தில், வேலையில் வேகம் போதாது என்று அவரை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அதனால் வண்டியில் பார்ப்பது தொடர்ந்தது. ஒருநாள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். விநியோகஸ்தருக்கு எழுதியது. வலது கையால் பேனா பிடிக்க முடியாமல் இடது கையால் எழுதப் பழகியிருந்தார். எழுத்து கோணல்மாணலாக, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாக இருந்தது. எந்தப் பெட்டிகள், எந்தத் தகடு, எத்தனை முறைக்குப் பிறகு நழுவியது என்று எல்லாம் அதில் இருந்தன. தனக்கு நேர்ந்ததைப் பற்றி ஒரு வரிதான். நீங்களும் கீழே கையெழுத்துப் போட்டால் நம்புவார்கள் சார் என்றார். இத்தனை நாளில் ஒரு புகாரும் வரவில்லையே, ஏன் கிளறுகிறாய் என்றேன்.

“மலைமேல தனியா நின்னுகினு அறுத்துக்கினவன் யாருக்கு சார் எழுதிப் போடுவான்? அவன் கவனமா இல்லன்னுதான் அங்கயும் எழுதியிருப்பாங்க.”

பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தனியாக அனுப்பினார் என்பது பிறகு தெரிந்தது. பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் காலையிலும் மாலையிலும் முந்தைய வண்டிக்கு மாறிக்கொண்டேன். வீட்டில் வேலை நேரம் மாறிவிட்டது என்று சொன்னேன். இருபது நிமிஷம் முன்னால் கிளம்பினால் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. எஸ்தர் விழுந்த அன்றும் நான் அதே நடைமேடையிலிருந்து இருபது நிமிஷம் முன்னால் ஏறிப் போய்விட்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது சாலமன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் நீங்கள்தான் பேச வேண்டும் என்றார்.

“உங்களப் பத்தி அவ ஒரு வார்த்தை தப்பா பேசினது இல்ல சார். கை அறுத்துக்கின அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினது நீங்கதான்னு சொல்லிக்கினே இருப்பா.”

எஸ்தர் அவரிடம் என் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. சொல்வதற்கே வெட்கப்பட்டிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. நம்பி அண்ணா என்று கூப்பிட்ட ஒருவன் இப்படிச் செய்தான் என்று கணவரிடம் எப்படிச் சொல்வது?

நினைவுக் கூட்டத்துக்கு மறுநாள், பழைய தாளில் உள்ளது பொய் என்று எழுதிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். அந்த மேலாளர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். மல்டி டூல் பிரிவை மூடிய பிறகு அதன் காகிதங்களை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதாகப் புது அதிகாரி சொன்னார். யார் எஸ்தர் என்று கேட்டார். விநியோகஸ்தருக்கு நான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. நாற்பது பெட்டிச் சரக்கு எங்கே, எவன் இடுப்புப் பட்டையில் இருக்கிறது என்று இனி யாருக்கும் தெரியாது. எஸ்தர் உயிரோடு இருந்தபோது என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. இப்போது அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

சாலமனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். அவர் இதைப் படிப்பார். படித்த பிறகு அவர் என்ன செய்தாலும் சரி.

எஸ்தருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. என்னிடம் இருப்பது அந்த வியாழக்கிழமை மதியம் மட்டும்தான். மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர் நின்றார். இந்தப் பக்கம், எஸ்தரின் வலது தோளை ஒட்டி நான் நின்றேன். அவர் கட்டையில் குத்தி அழுத்தியதையும் தகடு நழுவியதையும் கத்தி மடங்கியதையும் நான் பார்த்தேன். வேறு எந்தப் பக்கமும் திரும்பவில்லை.