பாயுங் இறக்கமும் தங்க நிறக் குழாயும்

மலையூரான பூஜோனின் பால் கூட்டுறவுச் சங்கத்தில் குழாய்களைக் கழுவுவதும் பாலின் கொழுப்பை அளப்பதும் சுகேங்கின் பணி. அங்கே அவன் நிதானமான மனிதன். வீட்டில் அவனுக்கு ஒரே அளவுகோல் எதிர்வீட்டு ஹர்யோ. ஹர்யோ வாசலில் பாடும் பறவை ஒன்றைத் தொங்கவிட்டபோது சுகேங் இரண்டைத் தொங்கவிட்டான். ஹர்யோவின் பறவை பாடியது. இவனுடையவை இரண்டும் தின்றன.

பறவைகளையும் அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமற்போனது மனைவி நிங்ரும் சொன்ன ஒன்றைத்தான். மழை பெய்த ஒரு காலையில், கீழே பாத்து நகரிலுள்ள ஆப்பிள் வறுவல் கடைக்கு வேலைக்குப் போகும் அவளை ஹர்யோ தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவிட்டான். கணவனையும் அக்கம்பக்கத்து ஆண்களையும் 'மாஸ்' என மரியாதையாக அழைப்பது அங்கே வழக்கம். மாலையில் அவள் சொன்னாள்:

"ஹர்யோ மாஸ் புதுசா பிரேக் குழாய் மாத்தியிருக்காரு. உள்ளுக்குள்ள இரும்பு வலையாம். பாயுங் இறக்கத்துல பிரேக் புடிச்சதே தெரியல. நம்ம வண்டின்னா எனக்கு உசிரு தொண்டைக்கு வந்துடும் மாஸ்."

"அப்ப அவன் வண்டியிலயே போ."

"ஞாயித்துக்கிழம அதான் பண்ணப்போறேன். அவர் பொண்டாட்டிதான் ஊர்ல இல்லையே."

ஞாயிறு காலை தெருவே ஜோடிஜோடியாக வண்டிகளில் இறங்கி, பாயுங் மலைப்பாதையோரக் கடையில் சுட்ட சோளம் தின்பது வழக்கம். ஹர்யோவின் பின்னால் நிங்ரும் அமர்ந்து போவதைத் தெரு முழுவதும் பார்க்கும். சுகேங்குக்கு அன்றிரவுச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே இரும்பு வலைக் குழாய் ஒன்றை வரவழைத்தான். ஹர்யோவினுடையது சிவப்பு, முகப்பு விளக்கின் பின்னால் மறைந்து ஓடுவது. சுகேங் வாங்கியது தங்க நிறம். தேவைக்கு மேல் நீளம். மறைந்திருந்தால் யார் பார்ப்பது? கைப்பிடிக்கும் மேலே வளைந்தெழுந்து, பிறகு சக்கரத்துக்கு இறங்குமாறு பொருத்தினான்.

"குழாய்ல இருக்குற காத்த எடுக்க ரெண்டு ஆள் வேணும்டா. நான் வரட்டா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஹர்யோ கேட்டான்.

"எனக்கு ரெண்டு கை இருக்கு."

ஒரு கையால் பிரேக் பிடியை அழுத்திக்கொண்டு, மறு கையால் கீழே காற்று நீக்கும் திருகைத் திறந்தான். திருகில் மாட்டிய, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் வழியே பிரேக் எண்ணெய் போத்தலில் இறங்கியது. குமிழிகள் நின்றும் பிடி மெத்தென்றே இருந்தது. மிச்சக் காற்று தானாக வெளியேறட்டும் என்று, ஊர் வழக்கப்படி, பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையால் பிடியை இழுத்துக் கட்டி, சனி இரவு முழுவதும் விட்டுவைத்தான்.

காலையில் பட்டையை அவிழ்த்து, மளமளவென்று பலமுறை அழுத்தினான். பிடி கல்லாய் நின்றது.

"நிங்ரும்! வந்து அழுத்திப் பாரு!"

அழுத்திப் பார்த்தாள். "பரவால்லையே!" என்று தலைக்கவசம் எடுக்க உள்ளே போனாள். அதற்குள் தெரு வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. திரும்பி வந்தவள், ஏறுவதற்கு முன் ஒருமுறை பிடியை அழுத்தினாள். மளமளவென்று அழுத்தியபோது வந்த விறைப்பு போய், அது கைப்பிடி வரைக்கும் அமுங்கியது.

கவசத்தின் வாரை மாட்டியபடி எதிர்வீட்டை நோக்கி நடந்தாள்.

"வாங்க வாங்க, மழைக்கோட்டு வேணுமா?" என்றான் ஹர்யோ. அந்த உபசாரத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுகேங் குனிந்தான். கண்ணெதிரே, கோபுரம்போல் எழுந்து நின்றது தங்கக் குழாய்.

சங்கத்தில் பால் ஓடும் குழாயின் மேல் வளைவில் நாள்தோறும் நுரை தேங்கும். அதைத் திறந்து வெளியேற்றுவது அவன்தான். காற்று மேட்டில்தான் உட்காரும் என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவர் அந்தத் தெருவில் இல்லை. அந்த மேட்டை வேலை மெனக்கெட்டுக் கட்டியவனும் அவனே.

"நிங்ரும்! போகாத. குழாய நான்தான் தப்பா மாட்டிட்டேன். ஒரு கை குடு."

"நாங்க கெளம்பறோம்டா!" என்று ஹர்யோ கத்தினான்.

நிங்ரும் நடுத்தெருவில் நின்றாள். பிறகு கவசத்தைக் கழற்றினாள். "நீங்க போங்க மாஸ். இவர் எதயும் தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. இத இருந்து பாக்கணும்."

குழாயின் மேல்முனை போல்ட்டைக் கழற்றி, கசியாதிருக்கப் புதுச் செப்பு வளையங்கள் இட்டு, குழாயைத் தாழ்வாகத் திருப்பினான். மிச்ச நீளத்தை விளக்கின் பின்னால் ஒளித்துக் கட்டினான். தங்கம் கண்ணிலேயே படவில்லை. அது அவனுக்கு வலித்தது.

"அழுத்து... புடி... விடாத!"

"புடிச்சிட்டுத்தான இருக்கேன், கத்தாதீங்க!"

கண்ணாடிக் குழாயில் ஒரு பெருங்குமிழி தடுமாறி வந்தது. பின்னால் குட்டிக் குமிழிகள். பிறகு வெறும் எண்ணெய். நிங்ரும் கையை எடுத்தாள், வேண்டுமென்றே காத்திருந்தாள், மறுபடி அழுத்தினாள். பிடி அமுங்காமல் நின்றது.

காலியான தெருவில் முன்னும் பின்னும் ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு அவர்கள் இறங்கினார்கள். பாயுங்கின் முதல் வளைவில் அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றினாள். மூன்றாவதில் விட்டுவிட்டாள்.

சோளக் கடையில் ஹர்யோ சுகேங்கின் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தான். "எங்கடா உன் தங்கம்?"

"உள்ள இருக்கு," என்றாள் நிங்ரும், சோளத்தைக் கடித்தபடி.

ஹர்யோவின் கைப்பிடியில் மின்னிய புதிய நீலப் பிரேக் பிடி எந்தக் கடையில் கிடைக்கும் என்று சுகேங் யோசித்துக்கொண்டிருந்தான்.