தூர் வாரிய வருஷம்

எங்கள் ஊர் ஏரியைக் காப்பாற்றப் போகிறோம் என்று சென்னையிலிருந்து ஒரு அமைப்பு வந்தபோது, ஊர்க் கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கியவர் என் அண்ணி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்மதிலை ஒட்டியது எங்கள் ஊர். முக்கால்வாசி வயல் எப்போதோ காம்பவுண்டுக்குள் போய்விட்டது. நானும் அண்ணனும் ஒரே கம்பி இழுக்கும் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறோம். அண்ணி கடம்பத்தூர்ப் பக்கம் விவசாய வீட்டில் பிறந்தவர். ஏரிக்குக் கீழே எங்களுக்கு மிச்சமிருந்த ஒன்றரை ஏக்கரை அவர்தான் விடாப்பிடியாகப் பயிர் செய்துகொண்டிருந்தார். குடோன் கட்ட இடம் கேட்டு ஒரு புரோக்கர் அடிக்கடி வருவார். அண்ணி அவருக்கு வாசலிலேயே மோர் கொடுப்பார், பதில் மட்டும் கொடுக்கமாட்டார்.

அந்த நிலத்துக்குத் தேவை ஏரித் தண்ணீர். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய கால்வாயோ, சீமைக் கருவேலமும் கோரையும் மண்டி, இருக்கிற இடமே தெரியாமல் தூர்ந்து கிடந்தது. மழையும் முன்போல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை முழுக்க விட்டு விட்டுப் பெய்தது போய், இப்போது ஒரு புயலோடு வந்து இரண்டு நாளில் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. மார்கழியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. “இனி மழை இப்படித்தான் வரும். வருகிற அன்றைக்கே பிடித்து வைத்தால்தான் உண்டு” என்றார் அமைப்பின் பொறியாளர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பொக்லைன் வந்தது. முள்ளை வேரோடு பிடுங்கி, தொழிற்பேட்டை மதில் வரைக்கும் கால்வாயை வாரினார்கள். நானும் லீவு போட்டுவிட்டுக் கரையில் பனை விதை ஊன்றப் போனேன். அண்ணி ஒரு அண்டா நிறையக் கூழ் கரைத்துக்கொண்டு வந்து, எல்லாருக்கும் போதும் போதும் என்கிற வரை ஊற்றினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

புயல் அடித்த மறுநாளே ஏரி கோடி போனது. ஏரி நிரம்பி வழிந்தால் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அன்றைக்கு ஆடு வெட்டி, வழிகிற தண்ணீரில் மஞ்சளும் குங்குமமும் பூவும் விட்டு, வீட்டுக்கு ஒரு குடம் மொண்டுபோய் வாசலில் தெளிப்போம். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கோடி போன நாளில் தண்ணீரைப் பற்றி யாரும் குறை சொல்லக்கூடாது. சொன்னால் ஏரிக்கரை அம்மன் கோபித்துக்கொள்வாளாம்.

அண்ணி குடத்தை மொண்டு தூக்கும்போதே அந்த வாடை என் மூக்கில் ஏறிவிட்டது. ஆலையில் கம்பியை ஊறவைக்கிற ஆசிட் தொட்டியின் புளித்த வாடை. குடத்து வாயில் எண்ணெய்ப் படலம் மினுங்கியது.

“அண்ணி, இது நம்ம கம்பெனி நாத்தம். கீழ ஊத்திடுங்க.”

“நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு தம்பி இது? வாயக் கழுவு. புதுத்தண்ணி அப்டித்தான் இருக்கும்.”

சுற்றி நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். அண்ணன் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனான். என்னோடு அதே தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் அவன். “எனக்கும் தெரியுதுடா. இப்ப இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிக்கினு கீற?” என்றான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. விஷம் கண்ணெதிரே ஓடும்போது வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லும் சாமி எதற்கு? ஆனால் அண்ணி அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாய் முன்னால் நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன்.

தை பிறந்ததும் அண்ணி நவரைப் பட்டத்துக்கு நெல் நட்டார். மதகைத் திறந்ததும் தண்ணீர் வரப்பு முட்ட வந்தது. முதலில் பச்சை பிடித்தது. பிறகு தாளின் நுனி துருப்பிடித்த நிறத்தில் கருக ஆரம்பித்தது. ஒருநாள் அண்ணி ஒரு குத்தைப் பிடுங்கிவந்து என் முன்னால் போட்டார். வேர் கறுத்து அழுகியிருந்தது. “நீ சொன்னியே தம்பி” என்றார். தப்பிப் பிழைத்ததில் கதிர் வந்தது. உருவிப் பார்த்தால் எல்லாம் பதர். ஏரியில் கெண்டை செத்து மிதந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆலைகள் மழையோடு மழையாகத் திறந்துவிடும் கழிவு, இத்தனை வருஷமும் அந்த முள்ளிலும் கோரையிலும் முட்டி மதிலுக்குப் பின்னாலேயே தேங்கி நின்றிருக்கிறது. நாங்கள்தான் கூழ் குடித்துக்கொண்டே அதற்கு வழி வெட்டிக் கொடுத்தோம்.

புகார் எழுதலாம் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். “கம்பெனிய மூடிட்டா சோத்துக்கு உங்க ஊட்டுக்கா வர்றது?” என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்கு ஒருவராவது அந்த மதிலுக்குள் சம்பளம் வாங்குகிறோம், நான் உட்பட. ஒரு அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப்போனார், அதோடு சரி. கடைசியில் மணல் மூட்டை அடுக்கிக் கால்வாயை நாங்களே அடைத்தோம். அடுத்த புயலின் தண்ணீர் முழுக்க எங்கள் கண் முன்னால் வேறு பக்கம் திரும்பி வீணாய்ப் போனது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது. முளைத்திருந்த பனங்கன்றுகளை ஆடு கடித்தது.

போன மாதம் அந்த அமைப்பு மறுபடியும் வந்தது. கரையில் நட வேம்பு, புங்கம், மருதம் என்று ஒரு வேன் நிறைய மரக்கன்று. அவர்களில் ஒரு பெண் அண்ணியிடம், “உங்களுக்கு என்ன மரம் வேணும், சொல்லுங்கம்மா” என்று அன்பாகக் கேட்டாள்.

“நீங்க புடுங்கிப் போட்டீங்களே முள்ளு, அதக் கொண்டாந்து கால்வாயில நட்டுட்டுப் போங்க” என்றார் அண்ணி.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

மறுவாரம் புரோக்கர் வந்தார். அண்ணி மோர் கொண்டுவரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.