மொய்ராவுக்குப் பாகு பூசிய வெள்ளிக்கிழமை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே எங்கள் ஒர்க்னித் தீவுகளில் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிற மொய்ரா கன், கடலுக்கு அந்தப் பக்கம் விக் ஊரில் பிறந்தவள். வானம் தெளிந்த நாளில் எங்கள் தெற்கு முனையில் நின்றால் அவள் பிறந்த கரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்த இடைப்பட்ட தண்ணீர் போதும். இருபது வருடம் இருந்தாலும் வந்தவள் வந்தவள்தான். "படகுலேர்ந்து குதிச்சவ" என்று முகத்துக்கு நேராகவே சொல்வோம். அவளும் சிரித்துக்கொள்வாள். இங்கே பிறந்தவன் என்பதைத் தவிர வேறு எதுவும் சாதிக்காத என்னைப் போன்றவர்கள்தான் அதை அதிகமாகச் சொல்வது.

அறுபதை நெருங்கும்போது அவளுக்கு முதல் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ராய் இஸ்பிஸ்டர். மாடு வளர்க்கிறவன். மாடுகளோடு பேசிப் பேசி, மனிதர்களுக்கு வார்த்தை மிச்சம் வைக்காதவன். அவனை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று கேட்டதற்கு, "அவன் மறுக்கலடா, அதான் சம்மதம்" என்றாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, அந்த வெள்ளிக்கிழமை நானும் அவள் பேருந்தில் போனேன். தேனிலவு வாரத்தில் அவள் வண்டியை நான் ஓட்ட வேண்டும், வழி பழக வருகிறேன் என்று சாக்கு. இந்தத் தீவில் எனக்குத் தெரியாத வழியா? அவள் அதைக்கூட யோசிக்கவில்லை.

காலைப் படகில் வந்தவர்கள் நனைந்த கோழிகளாக ஏறினார்கள். மழை பக்கவாட்டில் அடித்தது. முன் இருக்கையில் ஒரு பெரியவர் காலுறையைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"ஏம்மா, இந்த மழை எப்ப விடும்?"

"இதெங்கங்க மழை? காத்து கொஞ்சம் ஈரமா வருது, அவ்வளவுதான். மழை வந்தா நானே மைக்ல சொல்றேன்."

ஆளுயரப் பாறைகளைப் பழங்காலத்தில் வட்டமாக நட்டு வைத்த கல்வட்டத்தில் ஒரு தம்பதி மட்டும் துணிந்து இறங்கினார்கள். இறங்கியதுமே குடை கையை விட்டுப் பறந்தது. அந்த அம்மாள் துரத்தப் பார்த்தாள். "விடுங்கம்மா, அது நார்வே பாக்கப் போகுது!" என்று மொய்ரா கத்த, பேருந்து முழுக்கச் சிரிப்பு. அதற்கப்புறம் யாரும் மழையைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

கிர்க்வால் ஊரில் செந்நிறத் தேவாலயத்தின் முன்னால் ஒரு லாரி தடதடவென்று வந்தது. மேலே தலை முதல் கால் வரை கருப்பாக ஒரு பையன், சுற்றிலும் டிரம்மை அடித்து ஊளையிடும் கூட்டம். பயணிகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க, கொலை கேஸ் இல்ல," என்றாள் மைக்கில். "கல்யாண மாப்பிள்ளை. கூட்டாளிங்க பிடிச்சு, கருப்பு வெல்லப்பாகு, மாவு, கோழி எறகு எல்லாம் அப்பி ஊரைச் சுத்துவாங்க. கடைசியில ஒரு கம்பத்துல கட்டிப் போட்டுருவாங்க. பொண்ணுங்களுக்கும் உண்டு."

குடையைத் தொலைத்த அம்மாள் விடவில்லை. "உங்களுக்கும் கல்யாணமாமே! உங்களுக்கு எப்ப?"

"எனக்கா? அதெல்லாம் சொந்த ஆளுங்களுக்குத்தாங்க. நான் தப்பிச்சேன். இந்த முடிக்குச் சாயம் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த லாரி திருப்பத்தில் மறையும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் முழுக்க இதே கதைதான். "யாரும் வரல, நிம்மதி" என்று கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். வரவில்லையே என்பதுதான் அவளுக்கு வலி என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் அப்படி இருப்பது அபூர்வம்.

ஏனென்றால் எல்லாம் தயாராக இருந்தது. ராயின் தங்கை தோரா ஒரு பீப்பாய் பாகு வாங்கி வைத்திருந்தாள். போர்க்கைதிகள் தகரக் கொட்டகையில் கட்டிய சின்னத் தேவாலயம் இருக்கிறதே, அங்கே மாலையில் பேருந்து நிற்கும்போது மொய்ராவைப் பிடிப்பது, மீதி வழிக்கு வண்டியை நான் ஓட்டுவது என்று ஏற்பாடு.

மண்ணில் புதைந்து கிடந்த பழங்கால வீடுகளைப் பார்த்துவிட்டு வரும்போது படகிலிருந்து போன் வந்தது. காற்று ஏறுகிறது, படகு முன்னதாகவே கிளம்பும்.

"சின்னத் தேவாலயத்தை விட்டுர்றோம் டேவி. நேரா படகுத்துறைதான்."

நான் கெஞ்சினேன். "அஞ்சே நிமிஷம் நிறுத்தேன் மொய்ரா. பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க."

"படகு போயிட்டா இத்தனை பேரையும் உன் வீட்டுல படுக்க வைப்பியா? உன் வீட்டுல உனக்கே எடம் கெடையாது."

தோராவுக்குச் செய்தி அனுப்பினேன். போகவில்லை. மழை வந்தால் எங்கள் ஊர் போன்களுக்குச் சளி பிடித்துவிடும்.

தேவாலயத்தை நெருங்கினோம். சாலையோரம் லாரி, பீப்பாய், மழைக்கோட்டில் தோரா, பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது எங்கள் வழக்கம். மொய்ராவும் விரலைத் தூக்கினாள். வேகத்தைக் குறைக்காமல் போய்விட்டாள்.

"தோரா யாருக்கோ வலை விரிக்கிறா. எவனோ பாவம், இந்த மழையில மாட்டப் போறான்," என்றாள். குரல் மெலிந்திருந்தது.

தீவுக்கும் தீவுக்கும் நடுவே கடலை அடைத்துப் போட்ட பாதையில் ஏறியதும் பின்னால் டிரம் சத்தம். லாரி துரத்திக்கொண்டு வந்தது. பெரிய அலை ஒன்று தடுப்பைத் தாண்டி வந்து லாரிக்காரர்களைக் குளிப்பாட்டியது. டிரம் நிற்கவில்லை. மொய்ரா கண்ணாடியைப் பார்த்தாள்.

"அவசரம் போல. வழி விடுவோம்."

அடுத்த தீவில் ஏறியதும் நல்ல பிள்ளையாக ஓரம் ஒதுங்கி, விளக்கைப் போட்டு, முந்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். லாரியும் பின்னாலேயே ஒதுங்கியது. அவள் கிளம்பினாள், அதுவும் கிளம்பியது. இன்னோர் இடத்தில் மறுபடி ஒதுங்கினாள்.

"இந்தத் தோராவுக்கு என்னடா ஆச்சு? இவ்வளவு எடம் விட்டும் போக மாட்டேங்கறா!"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "எறங்கு மொய்ரா."

"ஏன், டயர் போச்சா?"

"டயரும் இல்ல, கியரும் இல்ல. உனக்குத்தாண்டி வந்திருக்காங்க!"

அவள் என்னைப் பார்த்தாள். கதவை ஓங்கித் தட்டிய தோராவைப் பார்த்தாள். "எனக்கா?" என்றாள். இன்னொரு தரம், "எனக்கா?" பயணிகள் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார்கள். அவளே கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு இறங்கினாள். பிடிக்க வந்தவர்களிடம் பேருக்குக்கூடத் திமிறவில்லை.

மீதி வழியில் நான் ஓட்ட, பின்னால் லாரி ஊளையிட்டுக்கொண்டு வந்தது. படகுத்துறையில் ஒரு விளக்குக் கம்பத்தில், சாப்பாடு பொதியும் பிளாஸ்டிக் தாளால் அவளைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். காலுறை பிழிந்த பெரியவர் வரிசையில் நின்று ஒரு கைப்பிடி மாவு போட்டுவிட்டுத்தான் படகு ஏறினார். ராய் எங்கிருந்தோ வந்து, அவளைச் சுற்றி வந்து பார்த்து, "நல்லாருக்கு" என்றான். அவனுக்கு அது ஒரு சொற்பொழிவு.

படகு ஹாரன் அடித்துக் கிளம்பியது. மழை வலுத்தது. பாகு கரைந்து வழிய, இறகெல்லாம் தாடையில் ஒட்டிக்கொண்டு, மொய்ரா அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். தோராவுக்கு மனசு கேட்கவில்லை. கத்திரியை எடுத்தாள்.

"போதும் அண்ணி. குளிர் காய்ச்சல் வந்துரும். அறுத்து விட்டுர்றேன்."

"கிட்ட வராத! கத்திரியை உள்ள வை," என்றாள் மொய்ரா. "இன்னும் கொஞ்ச நேரம் கட்டியே இருக்கட்டும்."