எனக்கு நானே போட்ட மார்க்

நான் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து நான் வேலை செய்யும், பழத்தைப் பெட்டியில் அடைக்கும் பேக்ஹவுஸுக்குப் போகும் வழியில் ஆளில்லாத கடை ஒன்று இருக்கிறது. கடை என்றால் நான்கு கால் நட்ட ஒரு பலகை, மேலே ஒரு தகரம், அவ்வளவுதான். பலகையில் எலுமிச்சம்பழம், முட்டை, சில நாள் பூசணிக்காய். பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு டப்பா. விலையை அட்டையில் எழுதி ஒட்டியிருப்பார்கள். கூடவே 'நல்ல சாறு', 'இன்று காலை பறித்தது' என்று தங்கள் சரக்கைத் தாங்களே புகழ்ந்தும் எழுதியிருப்பார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு காசை டப்பாவில் போட்டுவிட்டுப் போக வேண்டும். நியூசிலாந்துக்கு வந்த முதல் வாரம் அந்தப் பலகைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றேன். யாராவது வருவார்கள், ஒரு பழத்தைக் கையில் எடுத்து 'என்னங்க தோலு இப்படி இருக்கு' என்று பேச்சை ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மாடுகள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எதுவும் வாங்காமல் நடந்துவிட்டேன்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது மூன்று வருடமாக இங்கே கிவிப்பழம் தரம் பிரிக்கிறேன். என் மனைவி ஜொகராவும் மகள் ஆயிஷாவும் மகன் இர்பானும் போடியில் இருக்கிறார்கள். அத்தாவோ அப்பாவோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பரீட்சை, மார்க் என்றால் அது பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற கவலை என்று நினைக்காதீர்கள். போன வருடம் எனக்கும் வந்தது, நாற்பத்து மூன்று வயதில்.

எங்கள் பேக்ஹவுஸில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் என்று ஒரு வேலை உண்டு. அதற்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஆறு மாத மாலை வகுப்பு படித்து, 'பி' கிரேடாவது வாங்க வேண்டும். அந்த வேலை கிடைத்தால்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் விசாவுக்கு நான் எழுதிப்போட முடியும். தவறவிட்டால் அடுத்த வகுப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். நான் ஊரைவிட்டு வரும்போது ஆயிஷா என் தோளுக்குக் கீழே இருந்தாள். இப்போது வீடியோவில் அவள் தலை கதவு நிலையில் எங்கே வருகிறது என்று பார்த்து உயரத்தை மனசுக்குள் அளந்துகொள்கிறேன். இன்னொரு வருடம் என்பது என்னால் சும்மா சொல்லிவிடக்கூடிய வார்த்தை அல்ல.

வகுப்பில் நான் மோசமில்லை. எழுத்துப் பரீட்சையில் தேறினேன். பழத்தைக் கையில் எடுத்துத் தரம் சொல்லும் செய்முறைப் பரீட்சையில் என் மேசைதான் முதலில் காலியானது. 'ஏ' வரும் என்று நினைத்தேன். ஜொகராவிடமும் சொல்லிவிட்டேன். அவள் பயணத்துக்கு மூன்று பெட்டி விலை விசாரித்துவிட்டாள். ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் மார்க் வந்தது. 'சி'. சோற்று டப்பாவை மூடிவிட்டேன். அன்று மதியத்துக்கு மேல் என் முன்னால் நகரும் பெல்ட்டில் எத்தனை பழம் ஓடியது, எதை எடுத்தேன், எதை விட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

ஏன் 'சி' என்று தெரிய மூன்று நாளானது. மொத்த மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு, நாமே நமக்குப் போட்டுக்கொள்ளும் மார்க். ஒரு தாளில் பத்துக் கேள்விகள்: பழத்தின் சேதத்தைக் கண்டுபிடிக்கும் திறமை, வேகம், சுத்தம், கூட வேலை செய்கிறவர்களோடு பேசிப் பழகுவது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று நாமே எழுத வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் நான்கு, ஐந்து என்று போட்டிருந்தேன். கடைசியில் கருத்து என்ற இடத்தில் 'இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும், தயவுசெய்து பார்த்துப் போடவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அவர்கள் பார்த்தார்கள். நான் போட்டதை அப்படியே கூட்டிவிட்டார்கள்.

இது எப்படி நடந்தது என்று புரிய நீங்கள் எங்கள் ஏலக்காய்க் கடைக்குள் வந்து நிற்க வேண்டும். போடிமெட்டு வழியாக ஜீப்பில் இறங்கிவரும் சின்னத் தோட்டக்காரர்கள் காயை மூட்டையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். தரம் சொல்வது வாங்குகிற முதலாளியின் வேலை. கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தன் காயைக் குறைத்துத்தான் பேசவேண்டும். ஒருமுறை புதிதாகத் தோட்டம் வாங்கிய ஒருவர் வந்து, "பாய், இந்த மாதிரிக் காய் இந்த வருசம் போடிக்கே வரல. கண்ண மூடிட்டுத் தரம் போடுங்க" என்றார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்து, "கண்ண மூடணுமாம்ல. எலே, மூட்டைய அடியோட கொட்டு" என்றார். கொட்டினேன். அடிக்காயும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் ஒரு படி குறைத்துத்தான் எழுதினார். "காய் நல்லாத்தான் இருக்கு. ஆனா இம்புட்டுச் சத்தம் போடுதே, அதான் யோசனையா இருக்கு" என்றார். கடையே சிரித்தது. அதே நாள் குரங்கணியிலிருந்து வீரம்மாக்கா வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு, தெருவைப் பார்த்தபடி, "மழையில நனஞ்ச காயி பாய். எனக்கென்ன தெரியும், நீங்களாப் பாத்து ஒண்ணச் சொல்லுங்க" என்றார். முதலாளி ஒரு பிடி அள்ளினார். பச்சை மாறாமல், திரட்சியாக, உள்ளங்கையில் கலகலவென்று உருண்டது. "இதுவா நனஞ்ச காயி? கூசாமப் பொய் சொல்லுதே இந்தம்மா" என்று சொல்லிக்கொண்டே முதல் தரம் எழுதினார். பதினாறு வருடம் இதைப் பார்த்தவன் நான். அந்தத் தாளை நிரப்பும்போது வீரம்மாக்காவைப் போல முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன். எதிரே முதலாளி இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

மார்க்கை எதிர்த்துக் கேட்பதும் எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் நினைத்ததைவிட மிகவும் குறைவாக வந்தது. மறுகூட்டலுக்கு எழுதிப்போடு என்று ஒரு வாத்தியார் சொன்னார். போட்டவர்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரமே ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்கு ஜீப் ஏறியாகிவிட்டது. இந்தத் தடவையும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஆயிஷாதான் விடவில்லை.

"அத்தா, இங்க ரீவேல்யூவேஷன் இருக்குல்ல, அங்கயும் இருக்கும். போய்க் கேளுங்க."

"நானே போட்டுக்கிட்ட மார்க்கும்மா. யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

"அப்ப ஒங்ககிட்டயே கேளுங்க," என்றாள். கிண்டல்தான். ஆனால் போனை வைத்தபிறகு அந்த வார்த்தை வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எங்களுக்குப் பாடம் நடத்திய ஹெலன் மேடத்தை ஒரு வியாழக்கிழமை மாலை போய்ப் பார்த்தேன். இங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வராது. மேடம் என்றேன். அவர் என் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "உன் கணக்குப்படி உனக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"நீங்கள் பார்த்துப் போடுங்கள், மேடம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் எப்படிப் பார்க்க முடியும்? நீ பெல்ட்டில் நிற்கும்போது நான் அங்கே இல்லையே. நீதான் இருந்தாய். அதனால்தான் உன்னைக் கேட்டோம்." பிறகு மெதுவாக, "நீ இதில் எழுதியது உண்மைதானே?" என்றார்.

பிள்ளைகளே, அந்தக் கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். உண்மை என்றால் என் மார்க் நான்குதான். உண்மை இல்லை என்றால், பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் ஆகிறேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏலக்காய்க் கடையையும் வீரம்மாக்காவையும் சொல்லிப் பார்த்தேன். பாதிதான் போய்ச் சேர்ந்தது. "அப்படியென்றால், விற்பவர்கள் சரக்கைப் பற்றிப் பொய் சொல்வது உங்கள் ஊர் வழக்கமா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பொய் இல்லை, மரியாதை என்றேன். "யாருக்கு மரியாதை?" என்றார். அதை இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் நல்லவர். மேல்முறையீட்டுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் ஆதாரம் எழுத வேண்டும், பேக்ஹவுஸ் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும், செவ்வாய்க்கிழமைக்குள் வர வேண்டும் என்றார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வேலை முடிந்து வந்து அந்தத் தாள் முன்னால் உட்கார்ந்தேன். கூடத் தங்கியிருந்தவர்கள் வேறு ஊர்ப் பழத்தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். நான்கு அறை வீட்டில் நான் ஒருவன்தான். தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதுவதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. 'சே, உனக்கென்னப்பா' என்று சொல்ல ஓர் ஆள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் கேள்வியைப் படித்துக் காட்டினேன். ஜொகரா போனைப் பிடுங்கினாள்.

"எட்டு போடுங்க மச்சான்."

"ஏன், ஒம்பது போடக் கூடாதா?"

"ஒம்பதுன்னா நம்ப மாட்டாங்க. எட்டுன்னா குடுத்துருவாங்க."

"அம்மா, இது ஒண்ணும் மீனு வாங்குற எடமில்ல" என்றாள் ஆயிஷா. பின்னால் இர்பான், "அத்தாவுக்குப் பத்து! அத்தாவுக்குப் பத்து!" என்று கத்தினான். "எனக்கு நெறையச் சோலி கெடக்கு, வெரசாச் சொல்லுங்க" என்று அதட்டிய ஜொகரா ஒன்றரை மணி நேரம் போனை விடவில்லை. அன்று அந்த வீட்டில் நான்கு பேர் இருப்பதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் டேவ் என்பவரிடம் தாளை நீட்டினேன். இன்னொருவரிடம் போய், நான் கெட்டிக்காரன் என்று கையெழுத்துப் போடு என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். டேவ் நின்றபடியே படித்தார். "இதென்ன, அழுகல் பெட்டியை எழுதவே இல்லை?" என்றார். ஒரு நாள் பெட்டி திறக்கும் முன்பே மூக்கை வைத்து உள்ளே அழுகல் இருக்கிறது என்று நான் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். அதைத் தன் கையாலேயே எழுதி, சேதம் கண்டுபிடிப்பதில் எட்டை அடித்து ஒன்பதாக்கினார். அடுத்து, கூட வேலை செய்கிறவர்களோடு பேசிப் பழகுவது என்ற இடத்துக்கு வந்தார். ஜொகரா சொன்னபடி அதற்கும் எட்டு போட்டிருந்தேன். டேவ் என் முகத்தைப் பார்த்தார்.

"முன்பு எவ்வளவு போட்டிருந்தாய்?"

"நான்கு."

"அதுதான் சரி, நண்பா. இரண்டு வருடமாகத் தனியாக வண்டிக்குள் உட்கார்ந்துதானே சாப்பிடுகிறாய்."

என்னிடம் கோபமில்லை அவருக்கு. நான் எட்டை அடித்து நான்கு என்று எழுதினேன். நான் முதலில் கொடுத்த தாளிலேயே யாரும் மாற்றத் தேவையில்லாமல் போன மார்க் அது ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது பதில் வந்தது. 'பி'. மூன்று முறை படித்தேன். கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன், யாரிடம் சொல்ல? திரும்பிப் படியிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன். ஊரில் முற்பகல். ஜொகராவின் அக்கா வீட்டு விசேஷத்துக்கு மூன்று பேரும் மலைக்கு மேலே ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். வளைவுகளில் ஏறிவிட்டால் அங்கே போன் எடுக்காது. நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் தமிழில் சொன்னது, பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னது. வைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே குரல். அன்று நேரில் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை தமிழ் பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது தடவை அந்தப் பெண் தமிழில் சொல்லி முடித்ததும், "பாஸாயிட்டேம்மா, ஏதோ போட்டுட்டாங்க" என்றேன். அவள் இங்கிலீஷுக்கு மாறினாள். நானும் மாறி, நன்றாக வேலை செய்தேன், அதனால் கிடைத்தது என்று இங்கிலீஷில் சொன்னேன். அழைப்பு தானாக அறுந்தது. இன்னொரு தடவை போட்டேன்.