மூன்று சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ

அம்மனை நம்பிப் பிழைக்கும் என் சொந்தங்களே, நான் வாய்க்காரி. எருமப்பட்டிப் பக்கம் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயால் என் வீட்டுக்காரர் உயிருக்கே உலை வைத்திருப்பேன். அம்மன்தான் காப்பாற்றினாள்.

போன ஆவணியில் ஒரு காலை, ஸ்கூல் வேன் எடுக்கக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று இடத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்தாக வேண்டும், ரொம்ப நாள் தள்ளக் கூடாது என்றார் டாக்டர். இரண்டு வருஷமாக இன்சூரன்ஸ் கட்டி வந்தோம், அதனால் எனக்குத் தைரியம்தான். கம்பெனி அனுமதி வரட்டும், அதுவரை மாத்திரை, படிகூட ஏறக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுமதி வரவில்லை. தினமும் போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு என்பார்கள். அப்புறம் பாட்டு. பாட்டு முடிந்தால் புது ஆள், அவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"பரிசீலனையில இருக்குது மேடம்."

"ஏனுங்க, மனுசன் மூச்சு வாங்கிட்டுக் கெடக்குறாரு. அதுவுமா பரிசீலனையில இருக்குது?" என்று கத்துவேன். லைன் கட்டாகிவிடும். போனை வைத்துவிட்டு அழுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு பெண் காரணத்தைச் சொன்னாள். மூன்று வருஷமாக நெஞ்சுவலி இருந்ததை மறைத்துப் பாலிசி எடுத்துவிட்டோமாம். ஆஸ்பத்திரிக் காகிதத்திலேயே அப்படி எழுதியிருக்கிறதாம்.

அப்படி எழுத வைத்ததே நான்தான். சேர்த்த அன்று நர்ஸ் அவரிடம், எத்தனை நாளாக வலி என்று கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மூணு வருசமாவே இருக்குதுங்க, சொன்னாக் கேட்டாத்தானே!" என்றேன். மூன்று வருஷத்துக்கு முன் தீவன மூட்டை தூக்கி நெஞ்சில் சுளுக்கியது, இரண்டே நாளில் சரியாகிவிட்டது, அவ்வளவுதான். பெரிதாகச் சொன்னால் சீக்கிரம் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். புருஷனைக் குறை சொல்லும் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம்கூட. கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று ஊரெல்லாம் திட்டினேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். மனதில் கேள்வியை நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது.

கம்பெனி மனசு மாறுமா என்று கேட்டேன். சிவப்பு. அடுத்த வெள்ளியும் சிவப்பு. அதற்கடுத்த வெள்ளியும் சிவப்பு. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். இதற்குள் அவருக்கு வாசல்வரை நடந்தாலே வேர்த்துக் கொட்டியது.

பூசாரி சொன்னார்: "அம்மிணி, அதையேதான் திரும்பத் திரும்பக் கேக்குறீங்களாட்ட இருக்குது. வேற ஏதாச்சும் கேளுங்க."

எனக்கு வேறு கேள்வி இருந்தது. கேட்கத்தான் பயம். கண்ணை மூடிக்கொண்டு, தாயே, நான் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வெள்ளை வந்தது.

வீட்டுக்கு வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்குத் தெரியும் புள்ள. நீ சொல்லறப்ப நானும் பக்கத்துலதான படுத்திருந்தேன். வெளிய சொன்னா நீ ஒடஞ்சு போயிருவேன்னு உட்டுட்டேன்."

பாவி நான், அந்த மனுஷனைப் போய் இத்தனை காலம் ஏசினேனே!

மறுநாளே சேலம் போய் டாக்டர் முன்னால் நின்றேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் திட்டவில்லை. பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் டிரைவர்களுக்கு வருஷா வருஷம் உடம்பு பரிசோதிப்பார்கள். நான்கு வருஷத்து ஈசிஜியும் அங்கே பத்திரமாக இருந்தது. ஒன்றிலும் கோளாறு இல்லை. டாக்டர் அதையெல்லாம் வைத்துத் திருத்திக் கடிதம் எழுதினார். நானும் என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் நாள் போனில் செய்தி வந்தது. அனுமதி கொடுத்துவிட்டார்கள். அந்த வாரமே ஆபரேஷன் முடிந்தது. தாயே, உனக்கு என்ன செய்து நன்றிக்கடன் தீர்ப்பேன்!

போன மாதம் பரிசோதனைக்குப் போனோம். இப்போது எப்படி இருக்கிறது என்று நர்ஸ் கேட்டாள். பழக்கத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க மாமா" என்றேன்.

சொந்தங்களே, அம்மனிடம் கேட்கப் பயந்து வைத்திருக்கும் கேள்வி உங்களிடமும் ஒன்று இருக்கும். இந்த வெள்ளிக்கிழமை அதையே கேளுங்கள்.