டெல்லி எத்தனை சோற்றுத் தூரம்

டெல்லியிலிருந்து வந்த பேத்தி, விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை எனக்கென்று பத்திரமாகக் கொண்டுவந்து நீட்டினாள். மினுமினுக்கும் தாளில் சுற்றிய ரொட்டி. முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. "மூணு மணி நேரங்கூட ஆகல தாத்தா. பசிக்கறதுக்குள்ள எறக்கி விட்டுட்டாங்க" என்றாள்.

எங்கள் காலத்தில் பயணத்துக்கு வாசனை உண்டு. புளிச்சோறும் நல்லெண்ணெயும் அதைக் கட்டிய பாக்குமட்டையும் கலந்த வாசனை. தூரத்தையே சோற்றால்தான் அளந்தார்கள். சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் சோறே வேண்டாம். சேலம் ஒரு சோறு. கட்டின சோறு ஊசிப்போகும் தூரத்துக்குப் பெண் கொடுப்பதில்லை என்பது சேந்தமங்கலத்து என் மாமனாரின் சட்டம். நாமக்கல் பையன் என்று நம்பித்தான் எனக்குக் கொடுத்தார். கல்யாணமான சில மாதத்தில் எனக்கு டெல்லியில் யுத்தகால உத்தியோகம் கிடைத்துத் தொலைத்தது. மனைவியை அழைத்துப் போக அவர் முன்னால் போய் நின்றேன்.

"எத்தன சோறுங்க மாப்பள?"

நான் மெட்ரிக் படித்தவனில்லையா? ஆகாய விமானத்தில் காலையில் ஏறினால் இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம், ஒரே சோறுதான் என்று விளாசினேன்.

"நீங்க அதுல ஏறியிருக்கறீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப ரயிலச் சொல்லுங்க."

சேலத்திலிருந்து மெட்ராசுக்கு ஒரு ராத்திரி, அங்கிருந்து இன்னும் இரண்டு ராத்திரி. சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிவிட்டது. மாமியாருக்கு மூச்சு இழுப்பு, மழை விழுந்தால் கட்டிலோடு கிடப்பார். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மகள் வந்து முகம் பார்க்க முடியாது என்பதுதான் மாமனாரின் பயம். அது நியாயமான பயம் என்று எனக்கும் தெரியும்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள்.

"தந்தி வந்தா அப்பவே கெளம்பிருவனுங்கப்பா. உசுரோட பாத்தாப் பாக்கறேன். இல்லாட்டி எனக்காகப் போட்டு வெச்சுக் காத்திருக்காதீங்க, எடுத்துருங்க."

கட்டிலிலிருந்து மாமியார் மூச்சிரைக்கச் சொன்னார்: "இதுக்கு மேல என்னங்க கேக்கறீங்க? அனுப்பி வைங்க."

அனுப்பி வைத்தார். ரயிலில் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. நான்தான் ஊரை நினைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் மாமியாரை வைத்தே கணக்குப் போட்டிருந்தோம். இரண்டு வருஷம் கழித்துத் தந்தி வந்தது. குத்துக்கல் மாதிரி இருந்த மாமனார் வயலில் விழுந்து போய்விட்டார். நாங்கள் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற மாமியார், "நீ சொன்னபடியே செஞ்சுட்டோம் சாமி" என்றார். "செரிங்கம்மா" என்றாள் என் மனைவி. பிறகு கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

இப்போது பிள்ளைகள் விமானத்தில் வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார்கள். போன வருஷம் என் மனைவியையும் அப்படித்தான் வைத்தோம். டெல்லியிலிருந்து மகன் பொழுது சாய்வதற்குள் வந்து முகம் பார்த்துவிட்டான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். "எதுக்கு இப்படிப் போட்டு வெச்சிருக்கறீங்க?" என்று எங்களை அதட்டியிருக்கக் கூடியவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.