பின்னால் வந்த சைக்கிள்

முதலில் கேட்டது சத்தம்தான். செயின் கவர் தளர்ந்துபோன சைக்கிள் ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று தட்டுமே, அந்தச் சத்தம். மணி அடிக்கவில்லை, விளக்கும் இல்லை. பாணஸ்வாடி ரோட்டில் நான் நான்கு மாணவிகளோடு ஓடிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பின்னால் பனிக்குள் அது வந்துகொண்டிருந்தது.

பால்காரராக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பால்காரர்கள் கேன்கள் உரசும் ஓசையோடு எங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். இது தாண்டவில்லை. நாங்கள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. நான் நின்று, கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினேன். சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் பனியும், சாலையோரப் புளியமரத்தின் கீழ்ப்பாதியும் மட்டும் தெரிந்தன.

அறுபதுகளின் தொடக்கம் அது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிரில் மிஸ். அதுவரை எங்கள் மாணவிகளுக்கு விளையாட்டென்றால் த்ரோபாலும் வளையப் பந்தும்தான். அந்த வருஷம் பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டியில் பெண்களுக்கு அரை மைல் ஓட்டத்தையும் சேர்த்திருந்தார்கள். எங்கள் தலைமை ஆசிரியைக்கு அது பிடிக்கவில்லை. "அவ்வளவு தூரம் ஓடினா பெண் பிள்ளைகளுக்கு உள்ளே ஏதாவது கெட்டுப் போயிடாதா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கெட்டுப்போகாது என்று சொன்னேன். "நீங்க ஓடிப் பாத்திருக்கீங்களா?" என்றார். அதனால் நானும் ஓட வேண்டியதாயிற்று. அண்ணனின் பழைய ஸ்வெட்டரும் வெள்ளை சல்வாரும் கேன்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டு, நவம்பர் கடைசியிலிருந்து தினமும் விடிவதற்கு முன்னால் பெண்களோடு கிளம்பிவிடுவேன். விடிந்துவிட்டால் தெருவில் ஆண்கள் வந்துவிடுவார்கள், வேடிக்கை பார்ப்பார்கள். பனிதான் எங்களுக்குத் திரையாக இருந்தது. அந்தத் திரைக்குள்தான் இப்போது யாரோ புகுந்திருந்தார்கள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

பகல் முழுவதும் எனக்கு அதே நினைப்பு. மஃப்ளர் சுற்றிய எந்த ஆணைப் பார்த்தாலும் இவனோ என்று தோன்றியது. முட்டை விற்க வருகிறவன், எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த டைப்பிஸ்ட், மின்சார மீட்டர் பார்க்க வரும் ஆள் என்று எல்லாரையும் கவனித்தேன். கடை வாசலில் சைக்கிள் நின்றால், யாரும் பார்க்காதபோது அதன் செயின் கவரைக் கால் நுனியால் தட்டிப் பார்ப்பேன். எதுவும் அந்தச் சத்தம் தரவில்லை. டைப்பிஸ்ட் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏதாவது வேணுமா மேடம்?" என்று கேட்டான். அவ்வளவு மரியாதையாகக் கேட்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மாணவிகளில் ஒருத்தி வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து, "எங்க பொண்ணுக்கு ஓட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மீதி மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தபடியே ஓடினார்கள். அப்படி ஓடினால் தோள் திரும்பும், மூச்சு குலையும். சொல்லிப் பார்த்தேன். பயத்தில் ஓடுகிறவர்களிடம் தோளைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மூன்றாவது பெண் மட்டும் திரும்பவேயில்லை.

மூவரில் அவள்தான் உயரம், அவள்தான் வேகம். காக்ஸ் டவுன் பக்கம் ரயில் பாதைக்கு அந்தப்புறம் வீடு. அப்பா பஞ்சு மில்லில் வேலை. அவளை ஓட்டத்தில் சேர்க்கும்போது அம்மாதான் வந்து, "அவங்க அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன் மிஸ்" என்று சம்மதம் கொடுத்திருந்தார். செருப்பு, ஷூ எதுவும் கிடையாது. வெறுங்காலில் ஓடுவாள். சரளைக் கல் மேல் அவள் பாதம் படுகிற ஓசைகூடக் கேட்காது.

பின்னால் ஒருவன் வருகிறான் என்று தெரிந்தும் ஒரு பெண் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? பயமில்லையா? அல்லது வருவது யாரென்று அவளுக்குத் தெரியுமா?

கேட்டேன். "அது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மிஸ்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அதன் பிறகு நான் பனியைக் கவனிப்பதை விட்டு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். லிங்கராஜபுரம் போகிற வழியில் ஒரு மேடு உண்டு. அங்கே வந்தால் அவள் மெதுவாகிவிடுவாள். மற்றவர்கள் திணறிக்கொண்டு ஏறும்போது, திணறலே இல்லாத இவள் வேண்டுமென்றே பின்தங்குவாள். மேட்டின் உச்சியில் அந்த 'டக், டக்' மறுபடி நெருங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு பழைய வேகத்தைப் பிடிப்பாள். ஒரு நாள் என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். தினமும் நடந்தது. பதினாறு வயசுப் பெண், சைக்கிளில் ஒருவன், நடுவில் சாட்சியாக நான். நாளைக்கு ஊர் கேட்டால், ஓட்டம் என்ற பேரில் டிரில் மிஸ்தான் ஏற்பாடு செய்தாள் என்பார்கள்.

டிசம்பரில் ஒரு காலை, பனி மிகக் கெட்டியாக இருந்தது. கிழக்கு ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட்காரர் லாந்தரை ஆட்டி, "நில்லி அம்மா, நில்லி! கூட்ஸ் பர்த்தா இதே!" என்று, சரக்கு ரயில் வருவதாகக் கன்னடத்தில் கத்தினார். கேட் இறங்கிவிட்டது. நாங்கள் நின்றோம். பின்னால் சத்தமும் நின்றது.

இனி அவன் முன்னே போக முடியாது, திரும்பித்தான் போக வேண்டும் என்று எனக்குச் சட்டென்று உறைத்தது. மாணவிகளைக் கேட்காரர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தேன். அந்த ஆள் அவசரமாகச் சைக்கிளைத் திருப்பியிருக்கிறார், செயின் கழன்றுவிட்டது. சாலையோரம் குனிந்து அதை மாட்டிக்கொண்டிருந்தார். காக்கி கோட்டு, தலையைச் சுற்றி மஃப்ளர். ஐம்பதை நெருங்கும் வயசு. புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது. பனித்துளி என்று நினைத்தேன். கிட்டே போனதும்தான் பஞ்சு என்று தெரிந்தது.

"யாருய்யா நீங்க? தினமும் எதுக்குப் பொம்பளைப் பிள்ளைங்க பின்னாலயே வர்றீங்க?"

அவர் செயினை மாட்டி முடித்துவிட்டு, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு நிதானமாக நிமிர்ந்தார்.

"நான் என் பொண்ணு பின்னால வர்றேன். நீங்க எதுக்கு அதைக் கூட்டிக்கிட்டு வர்றீங்க?"

மோவாயால் காட்டினார். கேட்காரரின் லாந்தர் வெளிச்சத்தில் அந்த உயரமான பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் வராத ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க அம்மா வந்து சரின்னு சொன்னாங்களே!"

"அவ சொல்லுவா. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றேன், வீட்ல பொண்ணு இல்ல. கேட்டா ஓடப் போயிருக்குதாம். நாய் தொரத்தினா ஓடலாம், பஸ்ஸுக்கு ஓடலாம். சும்மா எதுக்கும்மா ஓடுவாங்க?"

"போட்டிக்கு."

"சரி, போட்டிக்கு. அப்ப சர்ச்சுக்குள்ள எதுக்குப் போறீங்க?"

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு புரிந்தது. ஓடி முடித்துத் திரும்பும் வழியில் எங்கள் சர்ச் வளாகத்தில் ஒரு குழாய் உண்டு.

"தண்ணி குடிக்கப் போறோம்."

"தண்ணி." போலீஸ்காரர் சொல்வது போல அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். "மில்லுல எனக்குச் சொன்னாங்க. மொதல்ல குடிக்கத்தான் குடுப்பாங்க, அப்புறம் தலையில ஊத்தி மதம் மாத்திடுவாங்கன்னு."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் குளிரில் காது இரண்டும் சுட்டன. "உங்க பொண்ணையே கேட்டுப் பாருங்க, நான் ஜெபம் சொல்லித் தர்றேனா, ஓடச் சொல்லித் தர்றேனான்னு" என்றேன்.

"அதைக் கேட்டா நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே சொல்லும்."

கூட்ஸ் வந்து, எங்கள் பேச்சை அடித்துக்கொண்டு, நீளமாகப் போயிற்று. கேட் தூக்கியதும், "முன்னாலயாவது வாங்க, மத்த பிள்ளைங்களுக்குப் பயமில்லாம இருக்கும்" என்றேன்.

"முன்னால போனா எனக்கு என்ன தெரியும்?" என்று சைக்கிளில் ஏறினார்.

திரும்பும் வழியில் அவரது மகளின் பக்கத்தில் ஓடியபடி கேட்டேன். "உனக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே தெரியும் மிஸ். எங்க சைக்கிள் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க போய்க் கேப்பீங்க. கேட்டா அவரு என்னை வீட்லயே நிக்க வெச்சிடுவாரு. அவரு எனக்குத் தெரியாத மாதிரி வந்தாரு. நானும் தெரியாத மாதிரி ஓடினேன்."

"அப்ப மேட்டுல ஏன் மெதுவா ஓடுற?"

"ராத்திரி பூரா மிஷின் முன்னால நின்னுட்டு வர்றாரு மிஸ். மேட்ல மிதிக்க அவரால முடியல."

மறுநாளிலிருந்து அந்த மேட்டை மட்டும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் பயிற்சியாக மாற்றினேன். அடிவாரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் நின்று பார்க்கலாம். அவளும் முழு வேகத்தில் ஏறினாள்.

அவர் அவளை நிறுத்தவில்லை, என்னை நம்பவுமில்லை. சர்ச் குழாயை விட்டு, கேட்காரர் வைத்திருந்த பானையில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தோம். உடனே அவர் கேட்காரரிடம் போய், இந்த அம்மா யார், கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்கிறாளா என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். கேட்காரர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்கும் அவர் மேல் சந்தேகம் போகவில்லை. ஒரு நாள் காகிதப் பொட்டலத்தில் வேகவைத்த கடலைக்காய் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். நாளையிலிருந்து மகள் வரமாட்டாள் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாரோ என்று, கடலைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் நான் ஏன் சாப்பிடவில்லை என்று என்னையே பார்த்தார்.

ஜனவரியில் போட்டி நடந்தது. அரை மைலில் அவள் முதலாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்தவள் வெகு தூரத்தில் இருந்தாள். நான் கை தட்டிக் கத்தி, தொண்டை கட்டிவிட்டது. அவளுடைய அப்பா மூங்கில் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பில்லை. கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க. மத்தப் பொண்ணுங்களை மெதுவா ஓடச் சொல்லிட்டீங்களா?"

"மத்த ஸ்கூல் பொண்ணுங்க நான் சொன்னா கேப்பாங்களா?"

"பின்ன எப்படி அவ்வளவு தூரம் பின்னால வருவாங்க? எங்க வீட்ல யாரும் எதுலயும் மொதல்ல வந்ததில்ல மிஸ்."

மிஸ் என்று அவர் என்னை அழைத்தது அப்போதுதான் முதல் தடவை. அதைக்கூட நான் சந்தேகத்தோடுதான் கேட்டுக்கொண்டேன்.

அடுத்தது மைசூரில், மாநிலம் முழுவதற்குமான போட்டி. அனுப்ப மாட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன். அவரோ லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். நாங்கள் ஏறியது பெண்கள் பெட்டி. அவர் அடுத்த பெட்டி. சென்னபட்டணத்தில், மத்தூரில், ரயில் நின்ற இடத்திலெல்லாம் இறங்கி வந்து ஜன்னல் வழியாக எங்களை எண்ணிவிட்டுப் போனார்.

மைசூரில் அவள் நன்றாகத்தான் ஓடினாள். கடைசிச் சுற்றில் மூன்று பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாலாவதாக வந்து, புல்லில் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். நான் போவதற்குள் அவர் வேலியைத் தாண்டி ஓடிவந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஓடி நான் முதல் தடவை பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் முகத்தைத் தன் மஃப்ளரால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "நாலாவது."

"ஆமாங்க. அதுவே பெரிசு."

"தோத்துட்டா." அவர் குரலில் வருத்தம் இல்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கியது போல இருந்தது. "அப்ப இது நெசமான ஓட்டம்தான். பொய்யா இருந்தா இங்கேயும் மொதல்ல வர வெச்சிருப்பீங்க."

அவ்வளவு நாள் நான் சொன்ன எதற்கும் இறங்கிவராதவர், அவளுடைய தோல்விக்கு இறங்கி வந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பெண் மட்டும், "அப்பா, அந்த மூணாவது பொண்ணை நான் பிடிச்சிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது மண்டியாவில் ஜன்னலுக்கு வந்தார். எண்ணவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகளுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், அந்த மொதல்ல வந்த பொண்ணு. அதுக்கு ஸ்கூல் வயசுன்னு உங்களுக்குத் தோணுதா? கையைப் பாத்தீங்களா? காலைப் பாத்தீங்களா? எனக்கு என்னமோ சரியாப் படல."

அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, சர்ட்டிஃபிகேட் பார்த்துத்தான் சேர்ப்பார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்த அந்தப் பெண் ஓட்டம் தொடங்கும் கோட்டருகே வந்து நின்றதிலிருந்து எனக்கும் அதே எண்ணம்தான்.

"எனக்கும் சரியாப் படலைங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ரயில் நகர்ந்ததும் அடுத்த பெட்டிக்கு ஓடினார்.

அதன் பிறகு அவள் இன்னொரு குளிர்காலமும் ஓடினாள். மைசூரில் இரண்டாவதாக வந்தாள். பள்ளி முடிந்ததும், பெண்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்திருந்த ஒரு ஃபாக்டரியில் சேர்ந்தாள். அங்கேயும் வருஷாவருஷம் விளையாட்டுப் போட்டி உண்டு, கல்யாணம் வரைக்கும் ஓடினாள் என்று கேள்விப்பட்டேன். விலகிப்போன பெண்ணின் அம்மா, அடுத்த வருஷம் தானாகவே வந்து மகளைத் திரும்பவும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஏன் மனசு மாறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதற்கு, "சும்மாத்தான் மிஸ்" என்றார். நான் அதை நம்பவில்லை.